மழை இல்லை என்று சொன்ன ஊர்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் நிறுவனம் ஆவண வகைத் தரவுத்தளம் பற்றி ஒரு பயிற்சி நடத்தியது. நான் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடி கலந்துகொண்டேன். பயிற்சியாளர் சென்னைக்காரர், திரையில்தான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவர் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். இந்தத் தரவுத்தளத்தை வைத்துச் செய்யக்கூடிய புது மாதிரியான மூன்று பயன்பாடுகளை யோசிக்க வேண்டும். அவற்றில் ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வழக்கமான தரவுத்தளம் அட்டவணை மாதிரி. பெயர், வயது, ஊர் என்று முதலிலேயே கட்டம் போட்டுவிட வேண்டும். வருகிறவர் அந்தக் கட்டத்துக்குள்தான் உட்கார வேண்டும். ஆவண வகையில் கட்டம் கிடையாது. ஒவ்வொரு பதிவும் ஒரு தனித் தாள். ஒரு தாளில் இரண்டு விவரம் இருக்கலாம், அடுத்ததில் இருபது இருக்கலாம். ஒருவர் தன் பெயரைச் சொல்லாமல் முழங்கால் வலியை மட்டும் சொன்னாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து யாரோ செய்தது போல எனக்குத் தோன்றியது.

முதல் யோசனை ஆடுகள். அம்மாவின் தம்பி, என் மாமா, புதூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கிறார். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஓர் ஆவணம் என்று திட்டம். போனில் மாமா உற்சாகமாகத்தான் சொன்னார். ஒன்றுக்கு இடது காதில் வெட்டு. ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு. ஒன்று, பஸ் ஹாரன் அடித்தால் ரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

"அது எதுக்குட்டி ஒனக்கு?"

"சரிபாக்கணும்லா மாமா."

"கொஞ்சம் கெடக்கு."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான். ஆட்டை எண்ணி வெளிய சொன்னா தங்குமா? போனை வையி."

எண்ணிக்கை சொல்லக் கூடாத இடத்தில் தரவுத்தளம் நடத்த முடியாது. யோசனையை அடித்தேன்.

இரண்டாவது, கல்யாண அழைப்பு. ஒரு வீட்டுக்குத் தம்பதியாகப் போய்க் கூப்பிட வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனில் சொன்னால் போதும், ஆனால் மூத்த மகனிடம் சொன்ன பிறகுதான் இளையவனிடம் சொல்லலாம். ஒரு வீட்டில் பத்திரிகையை வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்ல மாட்டார்கள்; நாம் அதைக் கவனிக்காதது போல நின்றுவிட்டு வர வேண்டும். அம்மா ஒரு தெரு முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னாள். நான் தட்டச்சு செய்வதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"இதெல்லாம் எழுதியாட்டி வைப்பாவ? எவளாவது படிச்சிட்டா அப்புறம் நம்மள ஒரு வீட்லயும் கூப்பிட மாட்டாவ."

அதையும் அடித்தேன்.

மூன்றாவது, மழை. அது அத்தையால் வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. அடுத்த தெருவில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் இறந்துவிட்டார். அவருடைய கிராமம் எப்போதும்வென்றான் என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது, நிலம் அங்கே. கரிசல், மழையை நம்பிய விவசாயம். பட்டா, அத்தை பெயரிலும் அவள் கணவரின் அண்ணன் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அந்த அண்ணனை எங்கள் வீட்டில் பெரியவர் என்று சொல்வோம். சுற்று வட்டாரத்தில் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து சோலார் பலகை நடும் ஒரு கம்பெனி அவரிடம் வந்து பேசியிருந்தது. அவருக்குச் சம்மதம். அத்தைக்கு, தன் நிலத்து உளுந்தைத் தன் கடையில் அரைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வேறு காரணம் எதுவும் அவள் சொன்னதில்லை.

போன வருடம் அது நடக்கவில்லை. கரிசலில் மழை பெய்த அன்று நிலத்தில் கால் வைக்க முடியாது. செருப்போடு நிலமும் கூடவே வரும். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால்தான் உழுது விதைக்கிற பதம் வரும். அந்தப் பதமும் சீக்கிரம் போய்விடும், பிறகு நிலம் வெடிக்க ஆரம்பிக்கும். ஆகவே மழை பெய்த செய்தி உடனே வந்தாக வேண்டும். அத்தை தினமும் ஊருக்குப் போன் போட்டாள். தினமும் இல்லை என்றார்கள். ஒரு நாள் சந்தேகப்பட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், பக்கத்து நிலங்களில் எல்லாம் பயிர் முளைத்து நின்றது. அத்தை நிலம் மட்டும் தரிசு.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று அத்தையே சொல்வாள். மழை என்று வாயைத் திறந்தால் வெளியூரில் இருக்கும் நிலக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கி, இருக்கிற இரண்டு மூன்று டிராக்டருக்கும் வரிசையில் நிற்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, நல்லது நடந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது. மாமாவின் ஆடுகளுக்கும் அதே சட்டம்தான்.

பெரியவர் வந்து தரிசைப் பார்த்தார். அத்தை அவரிடம், "அடுத்த புரட்டாசியும் இப்பிடிக் கெடந்தா நான் கையெழுத்துப் போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டாள். அருகில் சொந்தக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள், ஆகவே அது பேச்சாக இல்லாமல் வாக்காகிவிட்டது. என் பயிற்சி முடிகிற நேரத்தில் அந்தப் புரட்டாசியும் வந்துவிட்டது.

வானிலைச் செயலி இருக்கிறதே என்று கேட்கலாம். அது மாவட்டம் முழுவதற்கும் ஆங்காங்கே மழை என்று சொல்லும். எங்கள் பக்கம் ரோட்டுக்கு இந்தப் புறம் பெய்து அந்தப் புறம் காய்கிற ஊர். நமக்கு எந்த ஆங்கே, எந்த ஈங்கே என்று தெரிய வேண்டும்.

நான் செய்தது எளிமையானது. ஒரு போன் எண். யார் வேண்டுமானாலும் அதற்குச் செய்தி அனுப்பலாம்: எழுத்து, குரல், படம், எதுவானாலும். ஒவ்வொரு செய்தியும் ஓர் ஆவணமாகும். குரலில் வந்ததை நானே கேட்டு விவரம் விவரமாகப் பிரித்து ஏற்றினேன். அந்த எண்ணை அத்தை பரப்பினாள். மாவு வாங்க வருகிறவர்களில் கிராமங்களில் வேலை பார்க்கிற டீச்சர்கள் உண்டு, மணியாச்சியில் ரயில்வே வேலைக்குப் போகிறவர் உண்டு, பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு. அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

செய்திகள் நிறைய வந்தன. பயிற்சியாளர் திரையில் அவற்றைப் பார்த்தார்.

"எல்லா ஊர்லயும் மழை இல்லைன்னு வந்திருக்கே. இது மழை ஆப்பா, இல்ல மழை இல்லாத ஆப்பா?"

"இன்னும் பெய்யலபோல சார்."

"உங்களுக்குப் பின்னாடி ஜன்னல்ல மழை பெய்யுதே."

பெய்துகொண்டிருந்தது. எங்கள் தெருவிலிருந்து அன்று காலை வந்த செய்தியும் இல்லை என்றுதான் சொன்னது. மழை என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டாயக் கட்டம் வைக்கச் சொன்னார் பயிற்சியாளர். வைத்தேன். எல்லோரும் இல்லையைத் தேர்ந்தெடுத்தார்கள். குறை சொல்ல முடியாத அளவுக்குச் சுத்தமான தரவு. ஒரு சமையல் குறிப்பு ஆப் செய்தால் எளிதாக இருக்குமே என்று அவர் அன்பாகத்தான் சொன்னார்.

அதற்கு மறுநாள் காலையில் அத்தை மாடி ஏறி வந்தாள். கையில் மாவு காயவில்லை. போனை முழங்கையால் இடுக்கியிருந்தாள்.

"ஏட்டி, ஒம் பொட்டியில என்ன சொல்லுது?"

"மழை இல்லங்கு."

"எங்கன?"

"எங்கயுமே."

"வெளங்குச்சு. எட்டயபுரத்து டிராக்டர் அண்ணாச்சி மத்தியானத்துக்குள்ள கேக்குதாரு, நாளைக்கி வரவா வேண்டாமான்னு. அங்கன வந்து சகதியா இருந்தாலும் சரி, காஞ்சு கெடந்தாலும் சரி, திரும்பிப் போனாருன்னா இனிமே இந்தப் பக்கம் வர மாட்டாராம். அவியளுக்கு வேற எடத்துல வேலை கெடக்கு."

"ஊர்ல கேட்டீங்களா அத்தை?"

"நேத்து சாயங்காலம் பக்கத்து நெலத்துக்காரருக்குப் போட்டேன். ஒரு துளி இல்ல மதினி, வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்கிங்காரு." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அவரு பேசையில பின்னால தவள கத்துச்சு."

தவளை என்று ஒரு விவரம் சேர்த்தேன். அப்போதுதான் மற்ற ஆவணங்களில் இது போலத் தொங்கிக்கொண்டிருந்தவற்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் ஏற்றிவிட்டு மறந்திருந்தவை. தன் ஊரில் மழை இல்லை என்று சொன்ன யாரும் அத்துடன் நிறுத்தவில்லை. வயிற்றெரிச்சலோடு அடுத்த ஊரைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லியிருந்தார்கள்.

தேடலைத் திருப்பி எழுதினேன். ஓர் ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர் சொன்னது எதுவும் வேண்டாம். அந்த ஊரைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் சொன்னது மட்டும் வேண்டும். அத்தையின் ஊரைப் போட்டேன்.

மணியாச்சி ரயில்வேக்காரர்: எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, அந்தத் திசையிலதான் ராத்திரி முழுக்க மின்னல். கண்டக்டர்: நம்ம ரூட்ல எங்கயும் மழை இல்ல, அந்த ஸ்டாப்புல ஏறுனவங்க பஸ் படியெல்லாம் சகதி ஆக்கிட்டாங்க. ராத்திரி வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிற ஒருவர்: இங்கன காஞ்சு கெடக்கு, அங்கன கெடைய மேட்டுக்கு மாத்திட்டாவ. ஒரு டீச்சர்: எங்கள் பள்ளிக்கு மழை விடுமுறை இல்லை, அந்த ஊரிலிருந்து வரும் மாணவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மின்னல், பஸ் படி, கிடை, செருப்பு, தவளை. கட்டம் போட்டிருந்தால் இவற்றில் ஒன்றுக்கும் இடம் இருந்திருக்காது. இது சாட்சி இல்லை, வம்பு. ஆனால் எல்லா வம்பும் ஒரே ஊரைக் காட்டியது. தவளையைத் தவிர மற்றவை எல்லாம் முந்தாநாள் வந்தவை.

"இது தப்பாவும் இருக்கலாம் அத்தை. தப்பா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு என்னால சொல்ல முடியாது."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. முந்தாநாள், நேற்று, இன்று என்று வெயிலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிராக்டர்காரரை அழைத்தாள். "அண்ணாச்சி, நாளைக்கி வந்துருங்க. நல்ல பதம்." அவர் யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும். "எங்க அண்ணன் மவ கம்ப்யூட்டர்ல பாத்தா" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் விதை மூட்டையோடு போனோம். வழியெல்லாம் நிலம் காய்ந்தே கிடந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எட்டயபுரம் தாண்டியும் அதே வறட்சிதான். எப்போதும்வென்றான் தாண்டிய பிறகு மண்ணின் நிறம் மாறியது. இறங்கி நடந்தோம். நிலத்தில் கால் வைத்ததும் அத்தை ஒரு கை மண் எடுத்துப் பிடித்தாள். உருண்டையாக நின்றது. விரலால் தட்டியதும் உதிர்ந்தது. அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

பக்கத்து நிலத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்காரர் வரப்பில் நின்றார்.

"வாங்க மதினி. இப்பத்தான் விடியக்காலம் லேசா ரெண்டு தூத்தல் விழுந்துச்சு. ஒங்களுக்குப் போன் போடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"ரெண்டு தூத்தலுக்கா இப்பிடி உழுதீங்க?"

"சும்மா வண்டி ஓடுதான்னு பாக்கேன்."

"பாருங்க, பாருங்க. எங்க வண்டியும் வருது, அதையும் ஓட்டிப் பாப்போம்."

எட்டயபுரத்து டிராக்டர் வந்தது. அண்ணாச்சி இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "கம்ப்யூட்டர் நல்லாப் பாக்குதே" என்றார். மத்தியானத்துக்குள் விதைத்து முடிந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில் என் போனில் ஒரு புதுச் செய்தி வந்தது. அத்தையின் எண். அவள் எனக்குப் பக்கத்தில், கணுக்கால் வரை ஈரமண் ஒட்டியபடி உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். 'எங்க ஊர்ல மழை இல்ல. புதூர் பக்கம் நல்ல மழையாம்.'

"அத்தை, என்ன இது?"

"கேக்கவங்களுக்குப் பதில் சொல்லணும்லா."

ஏற்றிக்கொண்டேன். புதூர் பக்கம் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு பொட்டு மழை இல்லை என்றார். அவர் பேச்சு சரியாகக் கேட்கவில்லை, பின்னால் தண்ணீர் கூரையில் விழுகிற சத்தம் அதிகமாக இருந்தது.

பயிற்சியாளருக்கு இரண்டு தேடல்களையும் காட்டினேன். முதல் தேடலில் வந்ததற்கும் இரண்டாவதில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் பார்த்தார். இதை வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கலாமா என்று கேட்டார். அங்கே உள்ளவர்கள் உண்மை சொல்கிறவர்களாக இருந்தால் வேலை செய்யாது என்றேன்.

உளுந்து வரிசையாக இரண்டிலை விட்டிருந்தபோது பெரியவர் பார்க்க வந்தார். நானும் அத்தையோடு போயிருந்தேன். வரப்பு முழுவதையும் நடந்து பார்த்தார். எங்காவது முளைக்காத இடம் இருக்கிறதா என்று தேடினார் என நினைக்கிறேன். அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"சரி, வாக்கு வாக்குதான். ஆனா சோலார்காரன் அடுத்த வருசமும் வருவான்" என்றார்.

"வரட்டும். இங்கன மழையே கெடையாதுன்னு சொல்லி அனுப்பிருவோம்" என்றாள் அத்தை.

"கூறுகெட்டவளே, அதுதான அவனுக்கு வேணும்!"

அத்தை யோசித்தாள். நிலத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை.

"அப்போ வருசம் பூராம் கொட்டுதுன்னு சொல்லுவோம்" என்றாள்.

பக்கத்து நிலத்துக்காரர் அவர் வரப்பிலிருந்து, "ஆமா, அவங்கிட்ட மட்டும் சொல்லலாம்" என்றார்.