காட்டாத கை

மாமாவை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவருடைய இடது கைதான். முகம்கூட அப்புறம்தான். அவர் என் அக்காவின் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹெப்பகோடியிலிருந்து ஆனேக்கல் பக்கம் நாங்கள் இருவரும் சைக்கிளில் போவோம். ஒருவர் முன்னால் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியபடி அதிகச் சிரமமில்லாமல் வரலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வோம். பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகும் சக்கரமும்தான் தெரியும். அதனால் பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையை இறக்கி விரலால் காட்ட வேண்டும். மாமா சின்னச் சரளைக்கல்லைக்கூட விடமாட்டார். "பள்ளம் காட்றீங்களா, ரோட்ல கோலம் போட்றீங்களா மாமா?" என்று சீண்டுவேன். "என்ன நம்பித்தான மச்சான் கண்ண மூடிக்கினு வர்ற" என்பார். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். கோபத்தையும் பாசத்தையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

அந்த வருடம் இருவரும் ஒரு டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். பாதித் தூரப் போட்டி. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், அடுத்து தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, ஆனேக்கல் தாண்டி ஓர் இறக்கத்தில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்னத் திரையில் என் சராசரி வேகம் முப்பதைத் தொட இருந்தது. அதுவரை ஒருநாளும் தொட்டதில்லை. பள்ளத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். கையை எடுத்தால் வேகம் குறையுமே என்று, காட்டாமல் ஹேண்டிலை லேசாக ஒடித்து விலகிப் போனேன். மாமாவின் சக்கரம் நேராக அதில் இறங்கியது. அவருடைய சைக்கிள் என் பின்சக்கரத்தில் மோதி நானும் விழுந்தேன். எனக்குக் காறை எலும்பும் இடுப்பும் உடைந்தன. அவருக்கு முதுகுத்தண்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது அக்கா குனிந்து, "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டாள். "கை காட்னேன்க்கா, மாமா பாக்கல" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வலியை முந்திக்கொண்டு வாயில் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மாமா பேச ஆரம்பித்ததும் அவரிடமும் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தபடி, "ஆமா, கவனிக்கல" என்றார். தலையில் பட்ட அடியில் மறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

என் எலும்புகள் கூடுவதற்கு எட்டு மாதம் ஆனது. மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவேயில்லை. நான் தேறியதும் அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவுக்கே குடிவந்துவிட்டேன். தினமும் காலை ஆறு மணிக்குப் போய், அக்கா கால்களைப் பிடிக்க, நான் அக்குளில் கைகொடுத்து அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைப்பேன். அக்கா ஒல்லி, தனியாக அவளால் முடியாது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, துணி மாற்றி, நான் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க எட்டு மணியாகிவிடும். தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருக்கும்.

இரண்டாவது வருடம் மறுபடியும் அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மாமாவுக்காக ஓடுகிறான் என்றார்கள். உண்மை அதுவல்ல. இதை முடித்துவிட்டால் அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் வந்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. நகரத்துக்கு வெளியே ஓர் ஏரியில் நீந்திக் கரையேறும்போதே, உடைந்த எலும்புக்காகத் தோளில் தகடு வைத்த இடம் இறுகிப்போனது. சைக்கிளில், அந்தப் போட்டியின் விதிப்படி, யாரும் யாருக்குப் பின்னாலும் ஒட்டி வரக்கூடாது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் மிதிக்க வேண்டும். என் பின்னால் ஒருவருமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கை தானாக இறங்கிக் காட்டியது. தாண்டிப்போன ஒருவர் கன்னடத்தில் கேட்டார், யாருக்கு சார் காட்டுகிறீர்கள் என்று. ஓட்டத்தில் கடைசி ஏழு கிலோமீட்டரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே முடித்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் மெடல் போட்டார்கள். தைரியம் ஒன்றும் வரவில்லை.

இருந்தாலும் மறுநாள் காலை, அக்கா பால் வாங்கப் போன நேரத்தில், சொல்லிவிட்டேன். பள்ளத்தைப் பார்த்தேன் மாமா, கை காட்டவில்லை என்று. அவர் திட்டுவார், அல்லது மன்னிப்பார், இரண்டில் ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். "தெரியும்" என்றார். "உன் கையத்தான பாத்துக்கினு வந்தேன்." கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "உங்கக்காகிட்ட சொல்லித் தொலைக்காத. சொன்னா உன்ன வாசல்ல சேக்கமாட்டா. அப்புறம் என்ன யாரு தூக்கறது?" அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த மூன்று வருடம், தூக்கும்போது அவர் முகம் என் தோளில் சாயும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

போன மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி அவர் போய்விட்டார். தூக்க ஆள் வேண்டும் என்ற காரணமும் அவரோடு போய்விட்டது. இனி நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கோழைத்தனம் தவிர வேறு பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள். பரிமாறும்போது மாமாவின் படத்தைப் பார்த்து, வாரத்துக்கு ஒருமுறையாவது திட்டுகிறாள். "புள்ள கை காட்டிக்கினுதான போனான். கொஞ்சம் பாத்து வந்திருக்கக்கூடாதா நீ?" பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன்.