வரி முடிவில் ஒரு மூச்சு

நான் பியானோ வாசித்தால் கீழ்வீட்டுக்குத் தச்சுவேலை நடக்கிற மாதிரிதான் கேட்கிறது. ஜெர்மனியில் மத்தியானம் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே கூடாது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கு ஒழிகிற நேரம் என்றால் அந்த மத்தியானமும் ஞாயிறும்தான். அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மின்பியானோவில் வாசிப்பேன். இசை முழுக்க என் காதுக்குள்ளேயே போய்விடும். மற்றவர்களுக்கு மிச்சம், கட்டைகளை அழுத்துகிற டொக் டொக் மட்டும். ஒருநாள் கீழ்வீட்டு ஹெல்கா படியேறி வந்து, தினமும் என்ன மரவேலை செய்கிறீர்கள், அலமாரியா என்று விசாரித்தார். என்னுடைய அரைகுறை ஜெர்மனில், ஆமாம், கேட்டுப் பாருங்கள் என்று ஹெட்போனை நீட்டினேன். அலமாரி செய்கிற சத்தத்தை எதற்குக் காதில் மாட்ட வேண்டும் என்று அந்த அம்மா முழித்த முழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆனால் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நான் வாசித்தது அவர்கள் நாட்டுப் பழைய ஆலயப்பாட்டு. அந்தக் காலத்து இசைமேதை ஒருவர் விசைப்பலகைக்கென்று எழுதி வைத்தது. அதே மெட்டில் தமிழில் ஒரு ஞானப்பாட்டு உண்டு, எங்கள் சபையில் அடக்க ஆராதனைக்குப் பாடுவோம். ஹெல்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் நிற்கிறீர்களே, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பின்பெஞ்சுக்காரர்களுக்காக என்றேன். அவர் திரும்பி என் வெறும் சுவரைப் பார்த்தார்.

அவரிடம் எப்படி விளக்குவது? எங்கள் சபை ஆரல்வாய்மொழிப் பக்கம். காற்றுக்காலத்தில் வெளியே காற்றாலைக் காத்தாடிகள் ஓய்வில்லாமல் சுற்றும். ஜன்னலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் காற்று உள்ளே புகுந்து பாட்டைப் பாதி வழியில் பறித்துக்கொண்டு போகும். முன்னால் பாடகர் குழு வரியை முடித்த பிறகும் பின்பெஞ்சில் இழுத்துக்கொண்டிருப்பார்கள், வெளிப்பந்தலில் நிற்பவர்கள் அதற்கும் பிந்துவார்கள். நான் வாசித்த ஆர்கன் சுவரைப் பார்த்துக் கிடந்ததால் எனக்கு யார் முகமும் தெரியாது. முதுகால்தான் கேட்கணும். கடைசி ஆள் முடித்து, எல்லாரும் ஒருமிக்க மூச்செடுக்கிற சத்தம் வந்தால்தான் அடுத்த வரிக்குக் கையை வைக்கலாம். காலேஜ் படித்த காலம்தொட்டு விமானம் ஏறும்வரை அப்படித்தான் வாசித்தேன். அது தாளத்தில் சேருமா சேராதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இங்கே கேட்டார்கள். வாசிப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவந்தேன். பார்ப்பவர்கள் கொஞ்சம்பேர்தான், ஆனாலும் விடவில்லை. இந்த ஊரில் இணையப் பியானோ குழு ஒன்று இருக்கிறது. மாதாமாதம் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து நேரலையில் வாசிக்கவைப்பார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று வெறியே இருந்தது. எத்தனை வருஷம்தான் 'அந்த இந்திய நர்ஸ்' என்றே கூப்பிடுவார்கள்? வீடியோவை அனுப்பினேன். விரல் நன்றாக இருக்கிறது, வரிக்கு வரி தாளம் அறுந்துபோகிறது, வெட்டி ஒட்டியதில் பிழையா என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுடைய பாட்டை நான் கெடுக்கிறேனாம்! பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தாளம் தட்டுகிற மெட்ரோனோமை வைத்து, குளிர்காலம் பூரா அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். புது வீடியோ ஓடுகிற தண்ணீர் மாதிரி போயிற்று. நேரலைக்கு அழைப்பும் வந்தது. பெருமை தாங்காமல் எங்கள் பழைய பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் லிங்கைத் தட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே ஸ்டெல்லாவின் அப்பா இறந்துபோனார். ஸ்டெல்லா பாடகர் குழுவில் என் ஆர்கனுக்குப் பாடியவள், என் உயிர்த்தோழி. சபையில் கீபோர்டு வாசித்த தம்பி கத்தாருக்குப் போய்விட்டான். நம்ம ஆளு வாசிச்சது இருக்கே என்று அவளே போனை ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து, அடக்க ஆராதனையில் என் வீடியோவைப் போட்டிருக்கிறாள். எங்கள் ஆட்கள்தான் இதைச் செய்வார்கள். கேட்பதற்கென்று போட்ட பியானோவுக்குப் பின்னால் ஒரு சபையே பாடப் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் அவளுடைய குரல் செய்தி வந்தது. அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "ஏட்டி, உனக்க பியானோ எங்கள விட்டுட்டு ஓடிட்டு. அது நின்ன பெறவும் நாங்க பாடிட்டே நின்னோம். அம்மைக்கு மூச்செடுக்கவே நேரம் கிட்டல்ல. நீ இப்படி வாசிக்க மாட்டியே மக்கா?"

அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஸ்டெல்லாவின் அப்பா எனக்குப் பின்னால், பின்பெஞ்சில் நின்று, எப்போதும் கடைசியாக வரியை முடிக்கிறவர். அவருக்காகத்தான் நான் அதிகமும் காத்திருப்பேன். அவருடைய அடக்கத்தில் என் விரல்கள் யாருக்கும் நிற்காமல் ஓடியிருக்கின்றன. நேரலை நெருங்க நெருங்க ஒரு வேலையும் ஓடவில்லை. நின்று வாசித்தால் இங்கே மானம் போகும், நிற்காமல் வாசித்தால் அங்கே என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? வார்டில் மாத்திரை கொடுக்கும்போதும் விரல்கள் டிரேயில் தட்டிக்கொண்டே இருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் நேரலை. ஹெல்காவிடம் அனுமதி கேட்டு, முதல்முறையாக ஹெட்போனை எடுத்துவிட்டு, வீடு கேட்க வாசித்தேன். முதல் வரி முடிந்தது. மெட்ரோனோம் பழக்கிய விரல் அடுத்த கட்டைக்குத் தாவப் பார்த்தது. கையைத் தூக்கினேன். காத்திருந்தேன். பின்னால் யாருமில்லை, ஆனாலும் முதுகு காதாகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் அப்படியே நின்று நின்றுதான் முடித்தேன்.

குழுவிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. வராது என்று தெரிந்தும் தினமும் மெயிலைத் திறந்து பார்க்கிறேன். சிலநேரம் அந்த நேரலை வீடியோவையும் போட்டுப் பார்ப்பேன். முதல் வரி முடிகிற இடத்தில், இணைப்பு நின்றுவிட்டதா என்று யாரோ ஓரத்து அரட்டையில் ஜெர்மனில் கேட்டிருக்கிறார். அதற்கு நேர் கீழே ஸ்டெல்லா எழுதியிருக்கிறாள்: "அம்மை கூடவே பாடுதா. இப்பம் அப்பாக்க பாட்டு ஒழுங்காப் போவுது." பக்கத்தில் படம் அசையாமல் நிற்கிறது. கட்டைகளைத் தொடாமல், மடியிலும் இறங்காமல், என் இரண்டு கைகளும் அந்தரத்தில் இருக்கின்றன.