வடக்குக் காலில் நீல வளையம்

உச்சிப்புளிக்குத் தெற்கே உப்பளத்தில் வேலை செய்யும் பூமயிலுக்கு இந்த ஆண்டு இன்னொரு வேலையும் சேர்ந்தது. பாத்தி வரப்புகளில் முட்டையிடும் நெடுங்கால் உள்ளான்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதச் சொன்னவள், கீழக்கரையிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி சூஃபியா. இடது காலில் நீல வளையம் இருந்தால் வயதான பறவை. வலது காலில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு முன் குஞ்சாக இருந்தபோது மாட்டியது, இளசு. எது எதோடு சோடி சேர்கிறது, எந்தச் சோடியின் முட்டை பொரிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் முதல் ஜூலை வரை பூமயில் ஒரு நாளும் தவறவில்லை. நோட்டை முழுதாகப் படித்த சூஃபியா குழம்பிப்போனாள்.

“அக்கா, ஏப்ரல்ல கிழடும் கிழடும் சோடி. குஞ்சு நல்லாப் பொரிச்சிருக்கு. சரி. இளசுக பிந்தித்தான் முட்டையிடும், ஜூன்ல அதுகல்ல வரணும்? அப்பவும் கிழடுன்னே எழுதி, முட்டையெல்லாம் வீணுன்னு போட்டிருக்கீங்க.”

“பாத்ததத்தாம்மா எழுதுனேன்.”

“ஏழாம் வரப்புல ஒரே கூடு, ஒரே பொட்டை. மே மாசம் கிழவி, ஜூன்ல குமரியா?”

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த மலையாண்டி சிரித்தான். “மாப்பிள்ள பாக்க வந்தாகளோ என்னமோ மதினி, வயசக் கொறச்சுச் சொல்லிருக்கும்!”

“நீ சோலியப் பாரு,” என்றாள் பூமயில். சூஃபியா நோட்டைச் செல்லாதென்று தள்ளிவிட்டால் நான்கு மாதம் வெயிலில் நின்றது வீண். அதைவிட, பார்க்காததை எழுதினாள் என்று பேராகிவிடும்.

வரப்பில் ஒரு பறவை நின்றது. “இதுல இடது கால் எதுன்னு காட்டுங்கக்கா,” என்றாள் சூஃபியா. பூமயில் காட்டியது வலது கால்.

“நீதானம்மா மொத நாளு காட்டுன, வடக்குக் காலு இடதுன்னு.”

அடுப்பிலிருக்கும் சட்டியைக்கூடத் தெற்குச் சட்டி, வடக்குச் சட்டி என்றே சொல்லிப் பழகியவள் பூமயில். முதல் நாள் பறவை கிழக்கே பார்த்து நின்றது. இடது கால் வடக்கே இருந்தது. இந்தப் பறவை மேற்கே பார்த்து நின்றது; வடக்கே இருந்தது வலது கால்.

“எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு எழுதலையே. இனி எப்பிடிக்கா கண்டுபிடிக்க?”

“காத்துக்கு எதுக்கத்தான நிக்கும்,” என்றான் மலையாண்டி. “பின்னால அடிச்சா எறகு கலஞ்சுபோகும்ல.”

பூமயில் நோட்டை வாங்கிப் புரட்டினாள். உப்பளக்காரர் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்துத் தலையிலும் அன்றைய காற்றை எழுதியிருந்தாள். கிழக்கிலிருந்து கொண்டல், ஜூன் பிறந்ததும் மேற்கிலிருந்து கச்சான். கச்சான் பக்கங்களில் மட்டும் இடதை வலதாக, வலதை இடதாகத் திருத்தினாள். ஏழாம் வரப்புக் குமரி மறுபடி கிழவியானாள். ஜூன் மாதக் கிழடுகள் இளசுகளாயின.

ஒன்பது கூடுகளுக்கு மட்டும் ‘காத்து இல்ல’ என்றிருந்தது; பறவை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று சொல்ல வழியில்லை.

“இந்தக் கூட்டுல நாலு முட்டையும் பொரிச்சிருக்கேக்கா,” என்றாள் சூஃபியா. “கிழடுன்னே வச்சுக்கலாம்.”

“நாலும் பொரிச்சதுனால கிழடுங்குற. பெறகு, கிழடுன்னாத்தான் நல்லாப் பொரிக்கும்னு இதையே காட்டுவ. எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா.”

சொல்லிக்கொண்டே அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துவிட்டு, நோட்டை சூஃபியாவிடம் நீட்டினாள்.