சின்ன எண்ணே பத்திரம் என்றிருந்தேன்

ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் துறைமுகக் குமாஸ்தாவான என்னிடம்தான் கொண்டுவருவார்கள். படுக்கையில் கிடந்த மனைவி பாட்டுக் கேட்கட்டும் என்று காதர் பாய் புது ரேடியோ வாங்கினார். அதன் பின்பக்கச் சீட்டில் 110, 230 என்று இரண்டு எண்கள், நடுவே ஒரு திருகு. மற்ற வாசகம் எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கிரேனில் குறைந்த எடைதானே பத்திரம் என்று நினைத்து, திருகைச் சின்ன எண்ணுக்குத் திருப்பினேன். எங்கள் மின்சாரமோ 230 வோல்ட். சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது.

என் முகத்தைப் பார்க்காமலே பாய், ரேடியோ பார்க்கக் கூடியிருந்த சந்துக்காரர்களிடம், "பொட்டிலயே கோளாறு கீது. இவரு இன்னா பண்ணுவாரு?" என்றார். நான் மறுக்கவில்லை.

மறுவாரம் ஒரு கடுதாசியோடு வந்தார். "நீதான் நைனா படிக்கணும்."

"இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியல பாய்" என்றேன். அதைச் சொல்ல ஒரு ரேடியோ எரிய வேண்டியிருந்தது.