காலியாகக் கிடந்த ஆவாஸ்

சிவப்புப் பலகையில் வெள்ளையாக நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள். கூட்டிப் படித்தேன்: ஆவாஸ். இந்தோனேசியாவின் ஒரு தீவில், எரிமலை ஏறும் பாதையில், மூச்சு வாங்க நின்றபோது அதைப் பார்த்தேன். தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு ஆவாஸ் என்றால் வீடுதான். இந்தி அப்படி ஊறிப்போயிருந்தது. மேலே தங்கும் விடுதி இருக்கிறது, சூடாக டீ கிடைக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். எட்டு வயது மகள் வேறு கால் வலிக்கிறதென்று சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் அத்திம்பேர், என் அக்காவின் கணவர், இருமிக்கொண்டே வந்தார். மத்திய அரசில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். லிஃப்டில் ஏறவே யோசிப்பார். ‘பயந்தாங்கொள்ளி அத்திம்பேர்’ என்று அவர் காதுபடவே சொல்வேன்.

“அத்திம்பேர், மேல ஆவாஸ் இருக்கு. ஜல்தி வாங்கோ!”

அவர் பலகையைப் பார்த்தார். ஆளில்லாத பாதையைப் பார்த்தார்.

“க்யூவே இல்லையேம்மா. ஆவாஸ் காலியா கெடக்குன்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. நான் வரலை. குழந்தையையும் விடமாட்டேன்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே இறங்கத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே பின்னால் இறங்கினேன். அடிவாரத்து டீக்கடையை எட்டியபோது தரை அதிர்ந்தது. திரும்பினால் நாங்கள் நின்ற இடமே தெரியவில்லை. கரும்புகை, சாம்பல், கல்மழை. காலையில் எங்களுக்கு முன்பே ஏறிப்போன இளம் தம்பதி உயிரோடு திரும்பவில்லை. அந்த ஊர் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘ஆபத்து, ஜாக்கிரதை’ என்று பொருளாம். கடைக்காரர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அத்திம்பேரும் என்னைப் போலத் தப்பாகத்தான் படித்திருக்கிறார். அந்தத் தப்பில் நாங்கள் பிழைத்தோம்.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. பட்டப்பெயரை மட்டும் அன்றோடு விட்டேன். மற்றதைச் சொல்ல வாய் வராமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

போன திங்கள்கிழமை மகளுக்கு வேலையில் முதல் நாள். ஜனக்புரியில் அத்திம்பேர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். காலில் விழுந்தாள். “போறும், ஜல்தி எழுந்திரு, மெட்ரோவை விட்டுடுவே” என்றார். அவள் படியிறங்கி ஓடினாள்.

“அத்திம்பேர், இவ இன்னிக்கு வேலைக்குப் போறாளே, அது உங்களாலதான்” என்றேன்.

அவர் பதறிப்போனார். “நான் யார்கிட்டயும் சிபாரிசு பண்ணலையேம்மா!”