நர்சம்மாவின் சைக்கிள்

நாங்கள் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, திருப்பூரில் அப்பாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் அம்மா பேசுவதை நிறுத்தினாள். சமைப்பாள், சோறு போடுவாள், பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். காத்துக்கருப்பு என்றது தெரு. அப்பா அவிநாசிக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு இருந்தது, பேச்சு வரவில்லை.

பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா ஒருநாள் என்னை மடக்கினாள்.

"ஏங்கண்ணு, அங்க இருக்கறப்ப உங்கம்மா எதுக்கு நல்லாச் சிரிப்பாங்க?"

"சைக்கிள் ஓட்டுறப்ப" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரி நர்சம்மாவின் லேடீஸ் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. ஊரில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "இங்க பொம்பளைங்க ஓட்டுவாங்களா?" என்றாள். ஒரு மாதத்தில் அவள் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது.

"ஓட்டமாட்டாங்க. நீங்க ஓட்டுங்க" என்றாள் ராவுத்தரம்மா.

நொய்யல் கரையில் சலவைப்பட்டறைக்காரர்கள் துணி காயப்போடும் பொட்டலுக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் துணி. அம்மா சேலையை இழுத்துச் செருகினாள், ஏறினாள், தடுமாறினாள். பிறகு பறந்தாள். துணி வரிசைகளுக்கு நடுவே அவள் தலை தெரிந்தது, மறைந்தது, வேறெங்கோ தெரிந்தது. நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடினார்கள். பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ராவுத்தரம்மா வேறு கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று அலற, அம்மா பர்மிய மொழியில் என்னவோ கத்திக்கொண்டே இன்னும் வேகமாக மிதித்தாள். அவள் சிரிப்பு ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். விட்டுவந்த வீட்டை, தெருவை, தன் தங்கையைப் பெயர் சொல்லிச் சொல்லி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் பயந்துபோனேன். ராவுத்தரம்மா அவள் முதுகைத் தடவியபடி, "அழுவட்டும் கண்ணு, தடுக்காதே" என்றாள்.

எனக்குக் கோபம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "எங்கம்மாவுக்கு இனிமே சைக்கிள் குடுக்காதீங்க, அழுவுறாங்க" என்று நர்சம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறும் சைக்கிள் வந்தது.

கப்பலேறிய நாளிலிருந்து அம்மா ஒருமுறைகூட அழுததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.