சூடாகாத பீங்கான்

தம்பி கிளமெண்ட் ஜெயித்தவற்றை ஜோஸ்பின் வரிசை மாறாமல் சொல்வாள். பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாது என்று நர்ஸம்மா சொன்னதால் சனிக்கிழமையே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞாயிறைத் தாண்டினான். ஏழு வயதில் மணிமுத்தாற்று வெள்ளத்தில் எருமை வாலைப் பிடித்துக் கரையேறினான். எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து எழுந்து வந்தவன், எண்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரிக் வேலை கற்றான். பெண் தர மாட்டேன் என்ற நல்லூர்க்காரரின் மோட்டாரை ஓடவிட்டு, அவர் மகள் ஃப்ளோராவைக் கட்டிக்கொண்டு வந்தான். கல்யாணப் பதிவேட்டிலும் அவன் வைத்தது இடது கட்டைவிரல் ரேகைதான். அதைத் தோல்விக் கணக்கில் ஜோஸ்பின் சேர்ப்பதில்லை.

ஜெயிக்காமல் பாக்கி நின்றது தங்கராசுவின் படகு எஞ்சின் ஒன்றுதான்.

தங்கராசு வெலிங்டன் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். அவருடைய படகு ஒரு காலத்தில் பாண்டிச்சேரிப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்தது. உள்ளே பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் சாம்பல் புதன். அன்றைக்குத் தவக்காலம் பிறந்தால், இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைகளில் சுற்று வட்டாரத்தில் பாதி வீட்டில் மீன்தான். எஞ்சினோ புறப்பட்டு இருபது நிமிஷத்தில் நடு ஏரியில் இருமி, செத்து, அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் எழுந்துகொண்டது.

"சனிக்கிழம வரைக்கும் பாப்பேன் மெக்கானிக்கு. அப்பவும் நின்னுச்சின்னா, கடலூர் ஹார்பர்லேர்ந்து ஆள் வந்துடும். அப்புறம் இந்தப் படகு பக்கமே நீ வரவேணாம்" என்று சொல்லிவிட்டார் தங்கராசு.

கிளமெண்ட்டுக்கு மாதம் தவறாமல் வருகிற ஒரே வேலை அது. சனிக்கிழமை ஜோஸ்பின் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். அவள் போகக் காரணம் இருந்தது. அந்த எஞ்சினில் அவள் கைவேலையும் இருந்தது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண்ணை அச்சில் வைத்து ஃபியூஸ் கட்டை அழுத்துகிறவள் ஜோஸ்பின். படிப்பு எட்டாவது. டிசம்பரில் நங்கூரம் விழுந்து, எஞ்சின் பக்கத்தில் திருகியிருந்த விரல் நீள வெள்ளைப் பீங்கான் கட்டை உடைந்துபோயிற்று. ரெசிஸ்டர் என்றான் கிளமெண்ட். கடையில் கிடைக்கவில்லை. "இது பீங்கான்தானே? விருத்தாசலத்துல இருந்துகிட்டு பீங்கானுக்கு அலைவாங்களா?" என்று உடைந்ததை வாங்கிப் போனாள் ஜோஸ்பின். சூளையில் களிமண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு பெரிதாகவே அழுத்தி, சுட்டெடுத்தபோது பழையதற்கும் புதியதற்கும் முடி இழை வித்தியாசமில்லை. மேலே இருந்த எண்ணைக்கூட அதே சாய்வில் எழுதியிருந்தாள். உள்ளே ஒரு கம்பி கோணல்மாணலாகச் சுருண்டு, துருப்பிடித்த மாதிரிக் கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. எடுத்துவிட்டு, பளபளவென்று தடித்த செம்புக் கம்பி ஒன்றை நேராகப் போட்டு, பூட்டிக் கொடுத்துவிட்டாள். கிளமெண்ட் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா செய்தது.

படகைக் கரையில் கட்டி, எஞ்சினை ஓடவிட்டான். தங்கராசு பெஞ்சைப் போட்டு, நீதிமன்றத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"எது சூடாவுதுன்னு தெரிஞ்சிடுச்சிண்ணே. காயிலு" என்றான் கிளமெண்ட். பேட்டரி மின்சாரத்தைப் பொறி தெறிக்கிற அளவுக்கு ஏற்றித் தருகிற, டம்ளர் அளவு உருளை அது. "ஏன் சூடாவுதுன்னுதான் தெரியல."

"சூடாவறது எனக்கே தெரியும். அதுல தோசை ஊத்தலாம்."

"புதுக் காயிலும் போட்டாச்சி. அதும் கொதிக்குது. சைலன்சர் சூடு படுதோன்னு தள்ளி மாட்டினேன். ஈரச் சாக்கு சுத்தினேன்."

"சாக்கு வெந்து நாறிச்சி. மீன் வாங்க வந்தவன் மூக்கப் பொத்திகிட்டு ஓடினான். மேல சொல்லு."

"எஞ்சின நிறுத்திட்டு சாவிய ஆன்லயே வச்சிடறீங்களோன்னு…"

"யோவ்! நான் வூட்டு லைட்டையே ஆளுக்கு ஒண்ணா எண்ணி அணைக்கிறவன்யா!"

கிளமெண்ட்டுக்கு எதையும் இடது கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை. இருபது நிமிஷம் ஆனதும் காயில் மேல் விரலை அழுத்தினான். சுரீர் என்றது. "யேசுவே!" என்று குதித்து, விரலை ஏரித் தண்ணீரில் விட்டான். எழும்போது கொப்புளத்தோடு எழுந்தான். எஞ்சினும் அதே நேரம் இருமி நின்றது.

ஜோஸ்பின் தன் நோட்டை எடுத்து, மணி, நிமிஷம், கொப்புளம் எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு பெருமை தாங்காமல் தன் பீங்கானைத் தொட்டாள்.

"எல்லாம் கொதிக்குது. நம்ம பீங்கானப் பாரு, பானைத் தண்ணி மாதிரி குளுகுளுன்னு இருக்குது! பாண்டிச்சேரி சரக்கு இப்படி இருக்குமா, கேக்கறேன்?"

"இருக்காதும்மா. பழசு தொட்டா சுடும். நானே ஒருவாட்டி தொட்டுட்டுக் கத்தினேன்" என்றார் தங்கராசு.

கிளமெண்ட் வோல்ட் பார்க்கிற மீட்டரை எடுத்தான். பீங்கானின் பேட்டரிப் பக்கம் வைத்தான்; முள் பன்னிரண்டில் நின்றது. காயில் பக்கம் வைத்தான், அங்கேயும் பன்னிரண்டு. மறுபடியும் வைத்தான். அப்புறம் அக்காவைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தான்.

"தப்பு என்மேலதாண்ணே. ஒயரிங்குல எங்கியோ விட்டுட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க" என்றான்.

இருபத்தெட்டு வருடமாக அந்த முகத்தைப் படித்தவள் ஜோஸ்பின். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். இப்போது இரண்டு காதும் செக்கச் செவேலென்று இருந்தன. நோட்டைப் பின்னால் புரட்டினாள். ஜனவரி இருபது, சனி: புதுப் பீங்கான் மாட்டியது, அழகாக இருக்கிறது. அதற்கு அடுத்த வரி: அதே நாள் மாலை, காயில் சூடு, முதல் தடவை. இரண்டும் அவளுடைய குண்டு எழுத்தில், அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வாரமாகப் படுத்துக் கிடந்தன.

"டேய் கிளமெண்ட்டு. இந்தக் கட்டைக்கு வேல இன்னா?"

"…சூடாவறதுதான்க்கா."

"இன்னாடா சொல்ற?"

"பேட்டரிலேர்ந்து வர்றது பன்னெண்டு. காயிலு தாங்கறது எட்டு, ஒம்போது. மிச்சத்த அந்தச் சுருள் கம்பி தின்னுட்டு அது சூடாவணும். இப்ப செம்புக் கம்பி நேரா இருக்குதா, ஒண்ணும் தின்னாம மொத்தத்தையும் அனுப்பிடுது. வாங்கி வாங்கி காயிலுக்குக் காய்ச்சல்."

தங்கராசு பெஞ்சிலிருந்து எழுந்தார். "அப்போ எம்படக மூணு வாரமா நடு ஏரியில நிறுத்தினது யம்மா நீயா!"

"நான்தாண்ணே" என்றாள் ஜோஸ்பின். அவள் முகம் தொங்கியது ஒரு நிமிஷத்துக்குத்தான். "ஆனா அந்தச் சுருள் கம்பிய நான் தூக்கிப் போடல. ஒரு பொருளையும் நான் தூக்கிப் போடமாட்டேன். துணியில முடிஞ்சி, சீட்டு எழுதிக் கட்டி, உன் டூல்ஸ் பெட்டியிலதாண்டா வச்சேன்!"

கிளமெண்ட் பெட்டியைத் திறந்தான். மூலையில் நூல் சுற்றிய சிறு முடிச்சு. அவன் தயங்கினான்.

"இதுவாக்கா? இது வேளாங்கண்ணி மந்திரிப்பு இல்ல?"

"அதுல எழுதியிருக்கறதப் பாத்தியாடா?"

"எழுத்து இருந்திச்சி. செபம்னு நெனச்சேன். தினம் இதத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எஞ்சின ஸ்டார்ட் பண்ணுவேன்."

தங்கராசு வாங்கிப் படித்தார். "‘பழைய கம்பி. அசிங்கமானது. தேவையில்லை.’" படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

செம்பைக் கழற்றிவிட்டு, அசிங்கமான கம்பியை அழகான பீங்கானுக்குள் ஜோஸ்பினே பொருத்தினாள். எஞ்சின் ஓடியது. இருபது நிமிஷம். நாற்பது. காயில் இளஞ்சூட்டோடு இருந்தது, கை வைத்தால் எடுக்கத் தோன்றவில்லை. பீங்கான் எப்படியிருக்கிறது என்று கிளமெண்ட்டுக்கு நிச்சயம் தெரிந்தாக வேண்டும். இடது விரலில்தான் கொப்புளம். வலது கட்டைவிரல் சும்மாதானே இருந்தது.

"சுடுதுக்கா!" என்று கத்தினான், இந்தத் தடவை சந்தோஷத்தில். அந்த விரலையும் கொண்டுபோய் ஏரியில் விட்டான்.

தங்கராசு ஒரு சுற்றுப் போய்வந்து, கணக்கு நோட்டில் தாள் ஒன்றைக் கிழித்து, கிளமெண்ட் ஒப்பம் வைப்பதற்காக எழுதினார்: தவக்காலம் முடிகிற வரை இந்த எஞ்சின் என் பொறுப்பு, வேறு மெக்கானிக் தொடமாட்டார். மைப்பெட்டியை நீட்டினார். கிளமெண்ட் இரண்டு கைகளையும் காட்டினான். இரண்டு கட்டைவிரலிலும் கொப்புளம், சுண்டைக்காய் அளவுக்கு.

"இதுல ரேகை எங்கியா விழும்? ஒப்பமில்லாத தாள வச்சி நான் இன்னா பண்றது? கடலூர்காரன் திங்கக்கிழம வர்றேன்னிருக்கான்."

"நான் போடவாண்ணே?" என்றாள் ஜோஸ்பின்.

"நீ போட்டா இன்னொரு பீங்கான் செஞ்சிடுவ. வேல செய்யற ஆளே போடணும்."

கிளமெண்ட் மைப்பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தான். பிறகு படகுக்குள் போய்த் தன் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்து எடுத்து வந்தான். கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை நாளில், அவன் பெயரும் தேதியும் ஜோஸ்பின் வெட்டிக் கொடுத்தது. பத்தொன்பது வருடமாகத் தினம் மதியம் அவன் முன்னால் கிடந்த எழுத்துகள். அவை மட்டும் எறும்பாக ஊர்ந்ததில்லை. ஆணி அடித்துப் பதித்த எழுத்துகள், எங்கே ஊரும்?

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகினான். ஒயர் எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற கண்ணால் மூடியைப் பார்த்தான். அப்பா பெயரின் முதலெழுத்து சூ என்று வந்தது, ஒரு புள்ளி வந்தது. கிளமெண்ட் என்பதற்கு ஆறு நிமிஷம் ஆயிற்று. ஜோஸ்பின் மணி பார்த்தாள், ஆனால் நோட்டில் எழுதவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியில் ஏதோ மறைத்தது. அவன் நிற்கவில்லை. அடுத்து புதுநன்மை என்று ஆரம்பித்து, 14.5.1988 வரைக்கும் போய்விடுகிற வேகத்தில் இருந்தான்.

"போதும்யா, போதும்! அது டப்பாவோட தேதி. இன்னிக்குத் தேதியப் போடு."

எண் அவனுக்குத் தெரிந்ததுதான். மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், எதையும் பார்க்காமல் எழுதினான்: 10.2.2007.